நேலப்பட்டு, ஸ்ரீஹரிகோட்டா சாலை: ஐப்பசியில் கேமராவோடு போகலாமா?

பூநாரைக்காக (ஃபிளமிங்கோ) மட்டும் ஐப்பசியில் ஆந்திராவின் சூலூர்பேட்டைக்கு ரயில் ஏறினால் ஏமாற வாய்ப்பு அதிகம். வடகிழக்குப் பருவமழையில் பழவேற்காடு ஏரி நிரம்பிக் கிடக்கும். ஆழத் தண்ணீரில் பூநாரையால் நின்று மேய முடியாது. தண்ணீர் வடியும் மார்கழி, தைதான் தோது.

சூலூர்பேட்டை அருகிலுள்ள நேலப்பட்டு பறவைகள் சரணாலயமோ ஐப்பசியிலேயே களைகட்டத் தொடங்கும். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் (பெலிக்கன்) கூடு கட்டச் சுள்ளி கொண்டுவந்து அடுக்கும் அழகுக்காகவே போகலாம். நத்தைகுத்தி நாரை, வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கனும் உண்டு. 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும், மொபைலில் வெள்ளைப் புள்ளிகள்தான் விழும். இறகு வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 0.7-க்கு இறக்குங்கள். பறக்கும்போது ஷட்டர் வேகம் 1/2000 நொடி. கூட வருபவர்கள் பறவையை எழுப்பிவிடக் கை தட்டினால் உடனே தடுங்கள்: தாய் எழுந்தால் முட்டை காக்கைக்குப் போய்விடும்.

ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரியை ஊடறுத்துக் கிழக்கே போகிறது. இந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடபுறத்துப் பறவைகள் மேல்தான் நல்ல வெளிச்சம் விழும். வண்டியை விட்டு இறங்காதீர்கள், மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். கண்ணாடியை இறக்கி, அரிசி நிரப்பிய துணிப்பை மேல் லென்ஸைச் சாய்த்து, எஞ்சினை அணைத்துவிட்டு எடுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் அதிர்வில் படம் கலங்கும். வெயில் ஏறினால் கானல் எழும், அப்புறம் எந்த லென்ஸிலும் இறகு கூர்மையாக வராது. விண்வெளி மையச் சோதனைச் சாவடிப் பக்கம் கேமராவைப் பையிலேயே வையுங்கள்.