தொழிற்சாலைக் கணக்கா, வீதிக் கணக்கா?

கார் கம்பனியின் காலநிலைச் சாதனையை இரண்டு விதமாக அளக்கலாம். தொழிற்சாலையில் எரித்த எரிபொருளையும் வாங்கிய மின்சாரத்தையும் மட்டும் எண்ணுவது ஒன்று. விற்ற கார்கள் ஆயுள் முழுக்க விடும் புகையையும் சேர்ப்பது மற்றது. கூரையில் சோலார் பூட்டிய படத்தைக் கம்பனிகள் பெரிதாகப் போடுவது முதலாவதற்காகத்தான். பெற்றோல் கார் விற்பவருக்கு மொத்தக் கணக்கில் அது சிறிய பங்கே.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஏறத்தாழ 520 கிலோமீற்றர். லீற்றருக்கு 20 ஓடும் ஹைபிரிட்டுக்கு 26 லீற்றர் வேண்டும். லீற்றருக்கு 2.3 கிலோ காபனீரொட்சைட்டு என்றால் 60 கிலோ. அதே கார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடினால் 23 தொன்!

மின்கார் 100 கிலோமீற்றருக்கு 15 யூனிட் என்றால் அதே பயணத்துக்கு 78 யூனிட். முழுவதும் நுரைச்சோலை நிலக்கரி மின்சாரமென்றால் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ. ஹைபிரிட்டை விட மோசம். நீர்மின்சாரமோ பகல்நேரச் சோலாரோ என்றால் மிகக் குறைவு. பற்றரி செய்யும்போது வெளியாகும் சில தொன்னையும் கூட்ட வேண்டும்.

ஆகவே இரண்டாவது அளவுகோலையே நம்பலாம். அதிலும் ஓட்டை உண்டு: கார் ஆயுளில் ஓடும் கிலோமீற்றரைக் குறைத்து எழுதினால் கணக்கில் புகையும் குறையும். கம்பனியின் அறிக்கையில் முதலில் அந்தக் கிலோமீற்றரைத் தேடுங்கள். ‘ஒரு காருக்கு இவ்வளவு குறைத்தோம்’ என்றிருந்தால் மொத்தத் தொன்னைக் கேளுங்கள். விற்பனை கூடினால் மொத்தம் ஏறியிருக்கலாம்.