கோஸ் துணியில் உருமறைப்பு வலை: சில மாரிகள் கழிந்த பிறகு

நான் 1/35 அளவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானிய இராணுவ வாகனங்களின் மொடல்களைச் செய்கிறவன். அவற்றுக்கு உருமறைப்பு வலை போர்த்த காயத்துக்குக் கட்டப் பாமசியில் விற்கிற கோஸ் துணியைத்தான் சில வருடங்களாகப் பாவிக்கிறேன். வீடு மட்டக்களப்பின் கல்லடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, அதனால் காற்றில் எப்போதும் ஈரம்தான்.

கோஸின் பெரிய பலம் அது பஞ்சு நூல் என்பது. நனைந்ததும் தன் பாரத்திலேயே தொய்ந்து டரட்டின் (பீரங்கியோடு சுழலும் மேற்கூடு) மூலை முடுக்கெல்லாம் படிந்துவிடும். நுளம்பு வலையின் கண் கணக்குப்படி உண்மை வலைக்குப் பொருந்தும்தான், ஒன்றரை மில்லிமீற்றர் ஓட்டையை 35 ஆல் பெருக்கினால் ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வரும், ஆனால் அந்தச் செயற்கை நூல் விறைத்து எழும்பும், கம்மும் பிடிக்காது.

மரவேலைக்கான வெள்ளைக் கம்மில் பாதிக்குப் பாதி தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, கொஞ்சம் அக்ரிலிக் பச்சை. இதில் ஊறிய துணியைப் போர்த்தியதும் வாயால் ஊதி, அடைபட்ட கண்களைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த பிறகு கண்ணாடிபோலப் பளபளக்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் பகலில் மடிப்பைத் திருத்துவதற்குள்ளேயே காய்ந்துவிடும், இரவில் செய்வது நல்லது. சூப்பர் கம் மட்டும் வேண்டவே வேண்டாம், பஞ்சில் பட்டால் சூடேறிப் புகை கிளம்பும், விரலும் வெந்துபோகும்.

வலையை நிரப்புவதில்தான் எங்கள் ஊர்க் காலநிலை பதம் பார்க்கிறது. காய்ந்த தேயிலைச் சக்கை தூவிய வலை முதல் வருடம் அபாரமாக இருந்தது, அடுத்த வாடைக்காற்றோடு பூஞ்சணம் பிடித்தது, இராமபாணப் பூச்சியும் வந்து சேர்ந்தது. டிஷூ தாளை மெல்லிய கீற்றுகளாக வெட்டிக் கம் தண்ணீரில் நனைத்துக் கோர்த்த வலை இன்றும் அப்படியே இருக்கிறது. உண்மையிலும் அப்படித்தான், பிரித்தானியப் படைகள் நூல் வலையில் சாக்குத் துணிக் கீற்றுகளைத்தான் பின்னின. நடுவில் அடர்த்தியாக, ஓரத்துக்கு வர வர ஐதாக. மேலிருந்து பார்க்கிறவனுக்கு வலையின் விளிம்பு கோடாகத் தெரியக்கூடாது அல்லவா? மொடலிலும் இதைச் செய்தால்தான் வலை வலையாகத் தெரியும், முழுக்க ஒரே மாதிரி நிரப்பினால் போர்வைதான்.

அப்புறம், டரட்டுக்குத் தனி, உடலுக்குத் தனி என்று இரண்டு துண்டாகப் போடுங்கள். ஒரே துண்டாகப் போர்த்தினால் டரட் சுழலாது, அப்படியொரு வாகனம் சண்டைக்குப் போக முடியாது.

நிறம் கொஞ்சம் வெளிறியது உண்மை, பழுப்பு நிறத்தில் தோய்த்துத் துடைத்தெடுத்த உலர்தூரிகையை ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும். தூசிதான் தீராத தொல்லை, கீற்றுகளுக்கு இடையில் போனால் தூரிகைக்கும் வராது. கடைசியில் மங்கல் வார்னிஷ் இரண்டு பூச்சு அடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தவை மட்டும்தான் என்னிடம் சுத்தமாக இருக்கின்றன, எனவே பெட்டிக்கான செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.