சுகர் மாத்திரைகளும் எடையும்: என் அனுபவம்

பத்து வருஷத்துக்கு மேலாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தச் சர்க்கரையை நன்றாகவே குறைக்கும் மாத்திரைகளிலேயே சில எடையைக் கூட்டும், சில குறைக்கும். மருந்து எழுதும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

மெட்ஃபார்மின் கல்லீரலிலிருந்து சர்க்கரை வருவதைக் குறைக்கும். முதலில் வயிற்றைப் புரட்டியது. மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. எடை அப்படியேதான் இருந்தது. பல வருஷம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும், அதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிளிமிபிரைடு சேர்ந்தது. விலை குறைவு, சர்க்கரையும் மளமளவென்று இறங்கியது. ஆனால் நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மதியச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். லோ சுகருக்குப் பயந்தே நடுநடுவே பிஸ்கட், வாழைப்பழம் என்று சாப்பிட்டு எடை ஏறியது. எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, நன்றாக இருந்ததால் அந்த எடையைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுதான் எனக்கு ஆதங்கம்.

பிறகு வேறொரு டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு டாபாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் கொடுத்தார். இது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். ஒரு நாளைக்குச் சுமார் 70 கிராம், அதாவது 280 கலோரி வரை. கணக்குப்படி நிறைய இளைக்க வேண்டும், ஆனால் பசி கூடி ஈடுகட்டிவிடுவதால் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோதான். எனக்கும் அவ்வளவுதான், ஆனால் திரும்ப ஏறவில்லை. 2020இல் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும் விலையும் நன்றாகக் குறைந்தது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தி, பேதி, விரதம், அறுவை சிகிச்சை என்றால் நிறுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது முக்கியம். சர்க்கரை அதிகமாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து இதில் உண்டு.

என் அக்கா சாப்பிடுவது ரைபெல்சஸ், அதாவது செமாகுளுடைடு மாத்திரை. 2022இல் இந்தியாவுக்கு வந்தது. காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் போகாமல் விழுங்கி, அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். 3 மில்லிகிராமில் தொடங்கி 7, தேவைப்பட்டால் 14. ஆரம்பத்தில் குமட்டல் படுத்தியது. பசி அடங்கி, என்னைவிட அதிகமாகவே இளைத்தார். ஆனால் மாதச் செலவு என் மாத்திரைகளைவிடப் பல மடங்கு. அதனால் நான் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டோடுதான் தொடர்கிறேன்.