செயலியா, பதினாறு பக்கப் புத்தகமா, பக்கத்தில் ஓர் ஆளா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பில் நான் செய்கிற முதல் வேலை, பிள்ளைகளை ஒவ்வொருவராக மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு அரைப் பக்கம் வாசிக்கச் சொல்வது. குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. வகுப்பில் நாற்பது சொச்சம் பேர். எல்லாரையும் கேட்டு முடிக்க மூன்று நாள் ஆகும். யார் எழுத்துக் கூட்டுகிறார்கள், யார் வரி தாண்டிப் போகிறார்கள், யார் தன் முறை வரும்போது சரியாக வயிற்றுவலி என்று வெளியே போகிறார்கள், எல்லாம் அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும்.

போன வருடம் அப்படிக் கேட்டதில் இரண்டு பேர் மனதில் நின்றுவிட்டார்கள். ஒருவன் கடைசி பெஞ்ச். மீசை அரும்புகிற வயது. ‘கொண்டாட்டம்’ என்ற சொல்லைக் கொ, ண், டா என்று கல் உடைப்பதுபோல் உடைத்து, முடிவதற்குள் முதல் எழுத்தை மறந்துவிட்டான். இன்னொரு மாணவி கடகடவென்று ஒரே மூச்சில் வாசித்தாள். உச்சரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. “சரி, இதுல என்ன சொல்லியிருக்காங்க?” என்று கேட்டேன். “தெரியல சார்.”

பதிவேட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்: மெல்லக் கற்போர். ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே மருந்து. சக ஆசிரியர்கள் “வாசிப்புக்கு எந்த ஆப் நல்லா இருக்கு?” என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு முகங்கள்தான் வந்து நிற்கும். யாருக்கு என்று சொல்லாமல் எது நல்லது என்று எப்படிச் சொல்வது?

கஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும், காதால் கேட்டால் அந்த மொழி புரிகிற திறனையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கவனியுங்கள், கூட்டல் கிடையாது, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் மறுபக்கம் நூறே இருந்தாலும் விடை பூஜ்யம்தான். பையனுக்கு முதல் எண்ணில் கோளாறு. மாணவிக்கு இரண்டாவதில். இதை வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வழிகளைப் பார்க்கலாம்.

முதலில், காது கொடுத்துக் கேட்கும் செயலிகள். கூகுள் 2019-இல் ‘போலோ’ என்ற பெயரில் இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் கொண்டுவந்து, பின்னர் தமிழையும் சேர்த்து ‘ரீட் அலாங்’ என்று பெயர் மாற்றியது பலருக்கும் நினைவிருக்கும். 2022 ஜூன் தொடக்கத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ மையங்களில் 12 நாள் வாசிப்பு மாரத்தான் நடந்ததும் அதை வைத்துத்தான். இந்த வகைச் செயலிகளின் சூத்திரம் எளிது. திரையில் ஒரு வரி வரும். பிள்ளை சத்தமாக வாசிக்கும். போன் கேட்டு, சரியான சொல்லுக்கு நிறம் மாற்றும். திக்கினால், சொல்லைத் தொட்டால் அதுவே படித்துக் காட்டும்.

சிறிய சங்கதியாகத் தெரிகிறது, ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். ஒன்பதாவதில் எழுத்துக் கூட்டி வாசிப்பவனுக்கு முதல் எதிரி எழுத்தில்லை, பக்கத்து பெஞ்ச். போன் சிரிக்காது. “இதுகூடத் தெரியலையா” என்று கேட்காது. அதே வரியைப் பதினைந்து முறை வாசித்தாலும் சலித்துக்கொள்ளாது. எனக்கு மூன்றாவது முறையே பொறுமை போய்விடும், உண்மையைச் சொல்வதில் என்ன இருக்கிறது? ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பச் சத்தமாக வாசித்து, உடனுக்குடன் திருத்தம் கிடைத்தால் சரளம் கூடும் என்பதை அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து உறுதி செய்தது. அந்தக் கோணத்தில் இந்தச் செயலிகள் செய்வது சரியான காரியம்.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நாங்கள் முயன்று பார்த்த செயலியின் பெயர் இங்கே வேண்டாம். அதில் இருந்தவை எறும்பும் யானையும் பேசிக்கொள்கிற கதைகள். மீசை அரும்புகிறவன் அதைக் காதோடு போனை ஒட்டிவைத்து முணுமுணுத்தான், யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று. அவன் படிக்க ஆசைப்பட்டது கிரிக்கெட்டும் புல்லட் வண்டியும்.

அப்புறம் எங்கள் ஊர் நாக்கு. வடாற்காட்டுப் பேச்சில் ‘வந்துகொண்டு’ கிடையாது, ‘வந்துகினு’தான். வாழைப்பழம் பாதிப் பேருக்கு ‘வாயப்பயம்’. பையன் ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதைப் பார்த்து ‘வந்துகினு இருந்தான்’ என்று வாசித்தான். செயலி ஏற்கவில்லை. மறுபடி, மறுபடி. நான்காவது முறை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

நான் அதைக் கேட்டிருந்தால் உள்ளுக்குள் கைதட்டியிருப்பேன். எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வீட்டு மொழியில் அதைத் திருப்பிச் சொல்கிறான் என்றால் வாசிப்பு நடந்துவிட்டது என்றுதானே பொருள்? கென் குட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-களிலேயே சொன்னது இதுதான். வாசிக்கும்போது வருகிற பிழைகளை எண்ணிக்கொண்டிருக்காதே, அவை எந்த வகை என்று பார். ‘மரம்’ என்பதை ‘மறம்’ என்று வாசிப்பதும், ‘வந்துகொண்டு’ என்பதை ‘வந்துகினு’ என்று வாசிப்பதும் போனுக்கு ஒரே தவறு. ஆசிரியர் காதுக்கு இரண்டும் வேறு வேறு. எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு என்றிருக்கிற நம் மொழியில் இந்த இடைவெளி இன்னும் அகலம்.

இரண்டாவது வழி, கணினி ஆய்வகத்தில் உட்காரவைத்து, பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பயிற்சி தருகிற மென்பொருள். ஒன்பதாவது மாணவன் நான்காவது நிலையில் இருந்தால் நான்காவதிலிருந்தே ஆரம்பிக்கும். உயர்நிலைப் பள்ளி வயதுக்கு இதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. டெல்லியில் பெரும்பாலும் 6 முதல் 9 வரை படிக்கும் 619 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற இத்தகைய மென்பொருளை வைத்து நடக்கும் மையத்தில் இடம் கொடுத்தார்கள். முரளிதரன், சிங், கனிமியன் மூவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இது. நான்கரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் (பிள்ளைகளின் மதிப்பெண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) ஏற்றம். கல்வி ஆய்வுகளில் இது லேசான எண்ணிக்கை இல்லை.

ஆனால் அந்த மையத்தில் ஒரு பிள்ளையின் தொண்ணூறு நிமிடம் எப்படிப் போனது என்று பாருங்கள். பாதி கணினியோடு, மீதிப் பாதி சிறு குழுவாக ஓர் ஆசிரியரோடு. பெரும்பங்கு மென்பொருளுக்குத்தான் என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள், அவர்களிடம் அதற்குக் காரணமும் இருக்கிறது. இருந்தாலும் நம் ஊரில் இதை நகலெடுக்கிறவர்கள் கணினியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவார்கள் என்பது என் பயம். பயம் என்ன, கண்ணால் பார்த்ததுதான்.

அமெரிக்காவில் வாசிப்பில் பின்தங்கிய வளரிளம் பிள்ளைகளுக்கென்று வந்த ‘ரீட் 180’ என்ற வாசிப்புத் திட்டத்தின் கதையும் இதேதான். 2016-இல் அந்நாட்டுக் கல்வித் துறையின் மதிப்பீட்டுப் பிரிவு அதற்குப் புரிதலில் நல்ல பலன் உண்டு என்று சான்று தந்தது. அதன் தொண்ணூறு நிமிட வகுப்பில் கணினிக்கு இருபது நிமிடம்தான். இருபது நிமிடம் ஆசிரியரோடு சிறு குழு, இருபது நிமிடம் சும்மா ஒரு புத்தகத்தை எடுத்துத் தனியாகப் படிப்பது, மீதி வகுப்பு முழுக்கச் சேர்ந்து. இதற்கு நேர்மாறாக, அதே அமெரிக்காவில் 132 பள்ளிகளில் பல மென்பொருள்களைச் சோதித்த 2007-ஆம் ஆண்டு அறிக்கையில், முதலாம், நான்காம் வகுப்புகளின் வாசிப்பு மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. சின்ன வகுப்புதானே என்று தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை.

எங்கள் பக்கம் ஆய்வகம் என்றால் இருக்கிற கணினியில் பாதி வேலை செய்யும். சித்திரை வெயிலில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமங்களில் சிக்னல் பேச்சையே எடுக்க வேண்டாம். இதெல்லாம் சரியாகிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு உறுத்துவது வேறு. பத்தியைக் கொடுத்துக் கீழே நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொன்னால், நம் பிள்ளைகள் பத்தியைப் படிப்பதே இல்லை. கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி, அதன் பக்கத்துச் சொல்லைத் தொட்டுவிடுவார்கள். அந்த மாணவி இதில் கெட்டிக்காரி. பத்துக்கு ஒன்பது வாங்கினாள். திரையை மூடிவிட்டு “கதை சொல்லும்மா” என்றால் மறுபடி “தெரியல சார்”.

மூன்றாவது வழி, காகிதம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வந்த மெல்லிய புத்தகங்கள், 6 முதல் 9 வரைக்கான ‘தேன்சிட்டு’ இதழ், ஊர்ப்புற நூலகத்தில் கிடைப்பவை. என் ஓட்டு பெரும்பாலும் இந்தப் பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை.

நார்வேயில் 72 பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரே பாடத்தை ஒரு பகுதியினருக்குக் காகிதத்திலும் மற்றவர்களுக்குத் திரையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் கூடுதல். 2013-இல் வந்தது இது. பிறகு 2018-இல் ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள் 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் அதிகமானவர்களின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் காகிதமே முன்னே நின்றது. கதை என்றால் வித்தியாசம் இல்லை. தகவல் சார்ந்த பாடம் என்றால், அதிலும் நேரம் குறைவென்றால், திரை பின்தங்குகிறது. தகவல் சார்ந்த பாடம், குறைந்த நேரம்: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை உண்டா?

அந்த மாணவிக்கு நான் செய்தது ஒன்றுதான். ஒரு பதினாறு பக்கப் புத்தகத்தைக் கொடுத்து, நான்கு பக்கம் முடிந்ததும் மூடச் சொல்லி, “இப்ப என்ன நடக்கும்னு நினைக்கிற?” என்று கேட்பது. முதல் இரண்டு வாரம் தோளைக் குலுக்கினாள். மூன்றாவது வாரம் தப்பாக ஊகித்தாள். தப்பாக ஊகிக்கவே படித்ததைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், அது போதும். அவள் அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர். “தினமும் ஒரு பக்கம் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு, புரியாட்டி அவங்க கேள்வி கேப்பாங்க” என்றேன். கேட்டிருக்கிறார், சரமாரியாக. இலை நறுக்கிக்கொண்டே “அவன் ஏன் திரும்பி வந்தான்?” என்று அந்த அம்மா கேட்ட கேள்வியை எந்த மென்பொருளும் இன்னும் கேட்டு நான் பார்க்கவில்லை.

பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருதும், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கும் பேசுகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். பெருக்கல் கணக்கில் அவர்களுக்கு இரண்டாவது எண்தான் சின்னது. தமிழைக் கேட்டுப் பேசிப் பழகாமல் எழுத்தை மட்டும் வேகமாக ஒலிக்கவைத்து என்ன பயன்?

ஆனால் காகிதத்துக்கும் ஓட்டை உண்டு. எழுத்தே கூடாதவன் கையில் புத்தகத்தைக் கொடுத்து “படி” என்றால் அவன் படம் பார்ப்பான். பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும். நாற்பது பேருக்கு நான் ஒருவன், வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை, அதையும் கணக்கு ஆசிரியர் கடன் கேட்பார். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் புத்தகங்கள் பீரோவுக்குள் கட்டுப் பிரிக்காமல் பத்திரமாக இருக்கின்றன. கிழிந்துவிடுமாம்.

(பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ‘என்விடிஏ’ போன்ற இலவசத் திரைவாசிப்பான்கள் இருப்பது வேறு கணக்கு. அங்கே இதுவா அதுவா என்ற பேச்சே இல்லை. அது அவர்களின் கண்.)

இந்த வருடம் நான் வைத்திருக்கிற ஏற்பாடு இதுதான். எழுத்துக் கூட்டுகிற ஏழு பேருக்குக் காலை மணி அடிக்கும் முன் பதினைந்து நிமிடம் செயலி, ஆறு வாரம் மட்டும். அதற்குமேல் போனால் அது ஒலி எழுப்பும் விளையாட்டாகிவிடுகிறது. எறும்பு, யானைக்குப் பதிலாக அவர்கள் கேட்ட விஷயங்களை நானே அரைப் பக்கமாக எழுதித் தருகிறேன், முதல் வாரம் புல்லட் வண்டி. நூலகப் பாடவேளை வகுப்பு முழுக்கக் காகிதத்துக்கு, கேள்விக்கு. கணக்கு ஆசிரியரிடம் கறாராகச் சொல்லியாயிற்று. ஆய்வகப் பயிற்சி, கூடவே உட்கார ஓர் ஆள் கிடைக்கிற வாரங்களில் மட்டும். ஆள் இல்லையென்றால் ஆய்வகத்தைத் திறப்பதில்லை என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். முகம் சுளித்தார், சம்மதித்தார்.

பையன் இப்போது பத்தாவது. போன மாதம் வராந்தாவில் பிடித்து அரைப் பக்கம் வாசிக்கச் சொன்னேன். நிதானமாகத்தான் போனான், ஆனால் உடைக்கவில்லை. நடுவில் ‘வந்துகொண்டிருந்தான்’ வந்தது. நிறுத்தினான். என்னை ஒரு பார்வை பார்த்தான். வேண்டுமென்றே, நன்றாக இழுத்து, “வந்துகினு இருந்தான்” என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.