வீடும் சங்கும்: வன்னியில் ஒரே பட்டியலா, தனித்தனியா?

2024 நவம்பர் 14 இலங்கைப் பொதுத் தேர்தலில் நான் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குத்தான் புள்ளடி போட்டேன். ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எவ் கட்சிகள் சேர்ந்து நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் சின்னம் சங்கு; அந்தச் சங்குக்காரரோடு கோபம் ஒன்றும் இல்லை. ஏறத்தாழ ஒரே கதையைச் சொல்லும் இரண்டு அணியில் பெரியதற்குப் போடுவோம் என்ற கணக்குத்தான்.

தனித்தனியாகக் கேட்பதிலும் நியாயம் உண்டு. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் அடக்கம். 6 ஆசனத்துக்கு ஒரு பட்டியலில் 9 பேர்தான். அதற்குள் தமிழரசு, ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எவ் எல்லாருமே ஆள் வைக்க வேண்டும் என்றால் அடிபிடிதான். 2023 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உடைந்த பிறகு பட்டியல் இரண்டு, பெயர் 18. ரெலோவின் செல்வம் அடைக்கலநாதன் சங்கிலேயே வென்றும் காட்டினார்.

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது போனஸ் ஆசனம். ஆறில் ஒன்று, முதலாவதாக வரும் கட்சிக்கு அப்படியே போய்விடும். மீதி ஐந்தைத்தான் வாக்கு விகிதப்படி பிரிப்பார்கள். வன்னியில் கிடைத்த வாக்கு: தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி 39,894, வீடு 29,711, சங்கு 21,102. வீட்டையும் சங்கையும் கூட்டிப் பாருங்கள்: 50,813. போனஸ் இந்தப் பக்கம் வந்திருக்கும். ஆளுக்கொன்றாக எடுத்த இரண்டு ஆசனம் மூன்றாகி, திசைகாட்டியின் இரண்டு ஒன்றாகியிருக்கும். சேர்ந்து கேட்டால் வாக்கு அப்படியே கூடும் என்று சத்தியம் பண்ண ஏலாது. ஆனாலும் 10,000 பேர் எரிச்சலில் வாக்குப் போடாமல் விட்டிருந்தாலும் முதலிடம் கைநழுவியிருக்காது.

செட்டிகுளம் தேநீர்க் கடையில் ஒரு ஐயா சொன்னார்: "முந்தி வீடு எண்டா காணும், தம்பி. இப்ப எங்கட ஆள் எந்தச் சின்னத்தில நிக்கிறார் எண்டு விசாரிச்செல்லோ போகவேண்டிக் கிடக்கு." கட்சிக்காரருக்கு இது விளங்காமலா இருக்கும்?

அதே நாளில் மட்டக்களப்பில் வீடு 96,975 வாக்கோடு ஐந்தில் மூன்றை அள்ளியது, போனஸும் சேர்த்து. அங்கேயும் சங்கு நின்றதுதான், சனம் பிரியவில்லை. தூரத்தில் நின்று பார்க்கிறவன் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: அது ஒரே நிர்வாக மாவட்டம், எங்களைப் போல மூன்று மாவட்டத்துக்கு ஆசனம் பங்கிடும் தொல்லை அவர்களுக்கு இல்லை.

பிரதேச சபை வேறு கதை. அங்கே போனஸ் கிடையாது. தனித்தனியே கேட்டுவிட்டுத் தவிசாளர் தெரிவில் கைகோர்த்தாலும் பெரிய நட்டம் இல்லை. அந்தத் தேர்தலில் எங்கட வட்டாரத்துப் பொடியன் எந்தச் சின்னத்தில் நின்றாலும் அவனுக்கே போடுவேன்.