சாக்பீஸ் எழுத்துகூட அழியவில்லை: பவுடர் கோட்டிங் கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்

எங்களுக்கு உடுமலைப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னை. மரத்துக்கு மரம் 25 அடி. காய் போட்ட அன்றைக்கு டிரெய்லரை உள்ளே விட்டால் திருப்ப இடம் போதாது, சக்கரம் சொட்டுநீர்க் குழாய் மேலேதான் ஏறும். ஒவ்வொரு தடவையும் நாலு இடத்தில் குழாய் ஒட்டி அலுத்துப்போய், டிராக்டர் லிஃப்டிலேயே மாட்டித் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கேரியர் செய்யலாம் என்று போன கார்த்திகையில் இறங்கினேன். வீட்டில் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இருக்கிறது, ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. கை கொஞ்சம் பழக்கம்.

5 அடிக்கு 4 அடி தளம், 75க்கு 40 சேனலில் சட்டம், மேலே 3 மில்லி செக்கர் பிளேட். மூன்று பக்கமும் கழற்றி மாட்டுகிற ஆங்கிள் தடுப்பு, அதற்கு 12 மில்லி நட்டு எட்டை சட்டத்தில் வைத்து வெல்டு அடித்தேன். டிராக்டர் 45 எச்பி, கேட்டகிரி 2 லிஃப்ட் (பின் அளவுகளைச் சொல்கிற ரகம்). லிஃப்டின் கீழ்க் கைகளான கீழ் லிங்க்குக்கு 28 மில்லி பின் இரண்டை லேத்தில் கடைந்து வாங்கினேன். அந்தப் பின்களைத் தாங்கி இழுவை முழுக்க வாங்குகிற காதுகள் 12 மில்லி தகடு, அவற்றுக்கு மட்டும் உறுதியான 7018 வெல்டிங் ராடு. கீழ் பின் இரண்டுக்கும் நடுவே தோளுக்குத் தோள் 825 மில்லி வரவேண்டும். முதல் தடவை அடித்து முடித்து டேப் வைத்தால் 819. வெல்டிங் சூட்டில் இழுத்துவிட்டது! ஒரு காதை அறுத்தெடுத்து, நடுவில் முட்டுக் கொடுத்துத் திரும்ப அடித்தேன். அப்போதுதான் குழப்பம் வராமல் இருக்க, ஒரு காதின் உள்பக்கம் 'வ' என்றும் இன்னொன்றில் 'இ' என்றும் சாக்பீஸால் எழுதினேன். வலது, இடது. இந்த எழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழிக் கடைசியில் வேலை முடிந்தது. "ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் ரெண்டு கை, அது போதும் கண்ணு" என்றார் அப்பா. எனக்குத்தான் ஆசை. சாணியும் கோழி எருவும் ஏற்றுகிற சாமானில் எனாமல் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது, பவுடர் கோட்டிங் (பெயிண்ட் தூளை மின்சாரத்தால் ஒட்டவைத்து அடுப்பில் வேகவைப்பது) கொடுத்துவிட்டால் வருஷக்கணக்கில் கவலை இல்லை என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

கோவையில் ஒரு பட்டறை. பெயர் இங்கே சொல்லப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். குட்டியானை பிடித்து, வாடகை 1,200 கொடுத்துக் கொண்டுபோய் இறக்கினோம். ஓனர் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏழு டேங்க் பிராசஸுங்ணா, முன்னால பிளாஸ்டிங் வேற அடிச்சுருவோம். அஞ்சு வருசத்துக்கு நீங்க தொடவே வேண்டியதில்லீங்க" என்றார். பிளாஸ்டிங் என்றால் மணல் மாதிரித் துகளை வேகமாக அடித்து இரும்பைச் சுத்தம் பண்ணுவது. டேங்க் என்றால் எண்ணெய், துரு எடுத்து, பெயிண்ட் பிடிக்கப் பாஸ்பேட் படலம் ஏற்றுகிற தொட்டிகள். சதுர அடிக்கு 25 ரூபாய், பிளாஸ்டிங்குக்கும் டேங்க்குக்கும் சேர்த்து 2,500. அட்வான்ஸ் 3,000 போனிலேயே போட்டேன். "டேங்க் எங்கீங்க இருக்கு, பார்க்கலாமா?" என்று கேட்டேன். பின்னால் ஆசிட் வாடை அடிக்கும், உள்ளே விடுவதில்லை என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது என் கஷ்டம்.

மூன்றாம் நாளே போன் வந்தது, "ரெடிங்ணா." போய்ப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. எவ்வளவு அழகாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்போதுதான் அடுப்பிலிருந்து வேறொரு லோடு வெளியே வந்துகொண்டிருந்தது, எல்லாம் ஜன்னல் கிரில். "உங்களுதும் காலையில இதே மாதிரி லோடுலதான் போச்சு" என்று அங்கே வேலை பார்க்கிற பையன் பெருமையாகச் சொன்னான். அதன் அர்த்தம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பில் என்று ஒரு துண்டுச்சீட்டு: 150 சதுர அடி 3,750, பிளாஸ்டிங் 2,500, ஆக 6,250. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. பாக்கி 3,250ஐ ரொக்கமாகக் கேட்டார், கொடுத்தேன். வீட்டுக்கு வந்து டேப் போட்டு அளந்தால், உள் மூலை வெளி மூலை எல்லாம் சேர்த்தே 96 சதுர அடிதான் வந்தது. அந்த 1,350 ரூபாய்க்காக இன்னொரு தடவை கோவைக்கு அலைய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மாட்டப் போனால் மாட்ட முடியவில்லை. லிஃப்டின் மேல் கையான டாப் லிங்க் மாட்டுகிற ஓட்டையை 25 மில்லி பின்னுக்கு 25.5 வைத்துத் துளை போட்டிருந்தேன். ஓட்டைக்குள்ளேயும் பவுடர் அடித்து அடை மாதிரி வேகவைத்திருந்தார்கள். எட்டு நட்டிலும் மரை தெரியவில்லை. மறைக்க வேண்டிய இடத்தையெல்லாம் நான் ஒரு காகிதத்தில் வரைந்தே கொடுத்திருந்தேன், அதை யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு மாலை முழுக்க ரவுண்டு ஃபைலும் மரை வெட்டுகிற டேப்புமாக உட்கார்ந்து சுரண்டினேன். இதுவரைக்கும்கூட ஏதோ அவசரத்தில் செய்த கவனக்குறைவு என்றுதான் நினைத்தேன்.

சித்திரையில் ஒரு நாள் கீழ் பின் லேசாக இறுகிக்கொண்டது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். காதின் உள்பக்கத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அதன் பின்புறம் வெள்ளையாக ஒரு 'வ'. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி. தகட்டில் பார்த்தேன், அங்கேயும் மீதிச் சாக்பீஸ். நான் மார்கழியில் என் கையால் எழுதிய எழுத்து!

பிளாஸ்டிங் அடித்திருந்தால் அது இருக்குமா? ஏழு டேங்க்கில் முக்கியிருந்தால் இருக்குமா? சாக்பீஸ் எழுத்து ஈரத்துணி பட்டாலே போய்விடும். துணியால்கூடத் துடைக்காமல் பவுடரை மேலே அடித்து வேகவைத்து, பிளாஸ்டிங்குக்கும் டேங்க்குக்கும் 2,500 வாங்கியிருக்கிறார்கள்.

கோட்டிங் லைனில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கோட்டிங் தடிமன் அளக்கிற மைக்ரான் மீட்டரோடு வந்தார். சாதாரணமாக 60 முதல் 80 மைக்ரான் இருக்க வேண்டும். வெளியில் தெரிகிற பரப்பில் 190 காட்டியது, சேனலின் உள் மூலையில் 35. பவுடர் மின்சார இழுப்பில் போய் ஒட்டுவது. ஒடுங்கிய மூலைக்குள் அந்த இழுப்பு போகாது, துப்பாக்கியில் வோல்டேஜைக் குறைத்து, பக்கத்தில் கொண்டுபோய் நிதானமாக அடிக்க வேண்டும் என்றார். அப்புறம் பவுடர் சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பஞ்சைத் தின்னரில் நனைத்து இருபது தடவை தேய்த்தார். 12 மில்லி காதில் தேய்த்த பஞ்சு முழுக்க ஆரஞ்சு. ஆங்கிள் தடுப்பில் தேய்த்ததில் லேசாகத்தான் ஒட்டியது. ஜன்னல் கிரில் கணக்கு அப்போதுதான் எனக்கு விளங்கியது. பவுடர் வேகவேண்டும் என்றால் அடுப்புக் காற்றின் சூடு மட்டும் போதாது, இரும்பே 180, 200 டிகிரிக்கு ஏறி 10, 15 நிமிஷம் நிற்க வேண்டும். கிரில் கம்பி சீக்கிரம் ஏறிவிடும், 12 மில்லி தகடு ஏறாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக எடுத்தால் கிரில் வெந்திருக்கும், என் கேரியர் அரைவேக்காடு.

வெயில் படுகிற மேல்பக்கத்தைக் கையால் தடவினால் விபூதி மாதிரி ஒட்டியது. அது வீட்டுக்குள் வைக்கிற பீரோ, ரேக்குக்கு அடிக்கிற எப்பாக்சி கலந்த பவுடராக இருக்கும் என்றார் நண்பர். வெளியில் கிடக்கிற சாமானுக்குப் பியூர் பாலியஸ்டர்தான் போட வேண்டும். அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், கேட்டுப் பார்த்திருக்கலாம். பவுடருக்கு இத்தனை ரகம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது.

என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று இடத்தில் வெல்டிங் கசடைச் சரியாகத் தட்டாமலே கொடுத்திருந்தேன். அங்கே பெயர்ந்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. கசடு உதிரும்போது மேலே இருக்கிற பவுடரையும் கூட்டிக்கொண்டுதான் உதிரும். கொடுக்கும் முன் பட்டி போட்டு ஓட்டை அடைத்திருந்தால் அதுவும் அடுப்பில் வெடித்து வந்துவிடுமாம், நல்லவேளை அதை நான் செய்யவில்லை. முழுக்க மூடிய டியூப் வைத்துச் செய்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத பக்கமாக ஒரு சின்ன ஓட்டை விட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வெல்டிங்கில் எங்கே ஊசித்துளை இருக்கிறதோ அங்கே கொப்புளம் போடும்.

சில்லைப் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனேன். "சாணி ஏத்துனா எந்தக் கோட்டிங்கும் நிக்காதுங்ணா" என்றார். 'வ' எழுத்தைக் கையில் கொடுத்தேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பசங்க பண்ணியிருப்பாங்க, ஆடி கழிச்சுக் கொண்டாங்க, பண்ணித் தர்றேன்" என்றார். இன்னொரு 2,400 வண்டி வாடகை யார் தருவார்கள் என்று கேட்டேன். அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் பதிவு செய்தேன். பில் கேட்டார்கள். துண்டுச்சீட்டில் பெயரே இல்லாததால், போனில் போட்ட அந்த 3,000 மட்டும்தான் இன்றைக்கு என்னிடம் இருக்கிற ஒரே ஆதாரம். முழுப்பணத்தையும் அப்படியே போட்டிருக்கலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கொடுக்கப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பவுடர் அடிப்பதற்கு முன்னால் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், அரை நாள் போனாலும் போய் நின்று பாருங்கள். பிளாஸ்டிங் ஆன இரும்பு ஒரே சீராக மங்கின சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். டேங்க்கில் பாஸ்பேட் ஏறியதும் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும், விரலால் தேய்த்தால் பளபளப்பு வராது. இரும்பு ஆலையிலிருந்து வந்தபோது இருந்த கருநீலத் தோல் அப்படியே தெரிந்தால் அங்கே எதுவும் நடக்கவில்லை, சாமானைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். பார்க்க விடமாட்டோம் என்றால் வாடகை போனால் போகிறது என்று வேறு இடம் தேடுங்கள்.

கேரியர் இப்போது மாட்டுத்தொழுவத்துப் பக்கம் நிற்கிறது. வயர் பிரஷ் போட்டு இரண்டு நாள் சுரண்டினேன். ஒட்டியிருந்த இடத்தில் உயிரை வாங்கியது, பெயரவேண்டிய இடத்தில் கை வைத்ததும் வந்தது. நேற்று அப்பா ரெட் ஆக்சைடு முதல் கை அடித்து முடித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, தட்டில் மீதி இருந்ததை மட்டும் மண்வெட்டிக் கழுத்துக்கும் பூசிவிட்டார். அந்த 'வ' சில்லைப் பழைய பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், ஆணையத்தில் காட்டவேண்டி வரும்.