என்பிஎஸ்ல ஆட்டோவா ஆக்டிவா?
ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊர்ல ஐஸ் பிளான்ட்ல வேலை பாக்குற எங்க தம்பி, வயசு 28, புதுசா என்பிஎஸ், அதான் தேசிய ஓய்வூதியத் திட்டம், அதுல கணக்கு ஆரம்பிச்சிருக்கான், "அண்ணே இதுல எதை அமுக்க"ன்னு போனை நீட்டுறான், விரல் எல்லாம் ஐஸ் ஈரம், ஸ்கிரீன் நகரவே மாட்டேங்குது.

ஆட்டோன்னா பணம் எதுக்கு எவ்வளவு போகணும்ங்கிறது வயசுக்கு ஏத்த மாதிரி தானா மாறும், ஆக்டிவ்னா அதை நாமளே முடிவு பண்ணணும். ஆட்டோல மாடரேட்ங்கிற நடுத்தர வகையை எடுத்தா 35 வயசு வரை பாதிப் பணம் பங்குக்குப் போகும், அப்புறம் வருஷத்துக்கு 2 சதவீதமா தானாவே குறைஞ்சு 55ல 10 சதவீதத்துக்கு வந்துரும், மிச்சம் அரசுப் பத்திரம், கம்பெனிக் கடன் பத்திரம்னு போகும். நாம எதையும் தொட வேண்டியதில்ல.

ஆக்டிவ்ல, வழக்கமான ஸ்கீம்னா, பங்கை 75 சதவீதம் வரை நாமளே வைக்கலாம். 60 வயசாக இன்னும் 32 வருஷம் இருக்குறவனுக்கு வளர வாய்ப்பு அதுலதான் ஜாஸ்தி, நான் மறுக்கல, ஆனா சந்தை விழுறப்ப பதறி மாத்திட்டா போச்சு, வயசாக ஆக குறைக்கவும் நாமதான் ஞாபகம் வச்சிருக்கணும்.

நான் ஆட்டோதான் போடச் சொன்னேன். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் யாரு வாங்குவா, வீட்டுச் செலவுக்கே முழி பிதுங்குற நேரத்துல அவன் சதவீதமா பாத்துட்டு இருப்பான்? அந்த ரெண்டு மாசம் பணம் போடலன்னாலும் பரவால்லடா, வருஷத்துக்கு 1000 ரூவா குறையாம பாத்துக்கன்னு சொல்லிருக்கேன்.